சுற்றுலாவையும் பந்தாட்டத்தையும் படிக்க ஒரு பட்டமா? மகளுக்காகக் கேட்கிறேன்

பெர்ரிக்காரன் (பட்டர்வொர்த்) கேட்டது:

வணக்கம். நான் பினாங்கில் உரிமம் பெற்ற சுற்றுலா வழிகாட்டி. இருபத்திரண்டு ஆண்டுகளாக இதுதான் பிழைப்பு. காலையில் பெர்ரி ஏறி அக்கரை போய்க் கழுத்தில் அட்டையை மாட்டினால், மாலைவரை ஜார்ஜ்டவுன் தெருக்களில் நடைதான். 2008-இல் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபிறகு நடை கூடியது, செருப்புச் செலவும் கூடியது. தமிழ், மலாய், ஆங்கிலம் பேசுவேன். ஹொக்கியன் பேரம் பேசும் அளவுக்கு வரும்.

இளைய மகள் எஸ்.டி.பி.எம். (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) முடித்திருக்கிறாள். தமிழிலும் வரலாற்றிலும் நல்ல புள்ளிகள். இப்போது கையில் இரண்டு இடங்கள். ஒன்று கணக்கியல். மற்றொன்று கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் சமகாலப் பண்பாடு என்ற படிப்பு. அவள் இரண்டாவதைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

கையேட்டை வாங்கி வாசித்தேன். இன்றைய பண்பாட்டை மொழி, சுற்றுலா, விளையாட்டு ஆகிய மூன்றின் வழியாக ஆராய்வார்களாம். மொழி சரி, அதற்கு வாத்தியாரும் வேண்டும், புத்தகமும் வேண்டும். சுற்றுலாவை நான் காலால் படித்தவன், ஒரு பைசா கட்டணம் கட்டியதில்லை. விளையாட்டுக்கும் என் மகளுக்கும் உள்ள உறவு, பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதோடு சரி.

போன மாதம் ஒரு குழுவோடு அவளையும் அழைத்துப் போனேன். ஆர்மேனியன் தெருவில் சைக்கிள் ஓவியம் இருக்கிறதே, 2012-இல் லித்துவேனியக்காரர் எர்னஸ்ட் சகாரேவிச் வரைந்தது, சுவரில் இரண்டு குழந்தைகள், சுவரோடு சேர்த்துப் பொருத்திய உண்மையான சைக்கிள். அங்கே எப்போதும் படம் பிடிக்க வரிசை நிற்கும். நான் வழக்கம்போல் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். இவள் எதிர்ப்பக்கக் கடையின் ஐந்தடி நடைபாதையில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். என்ன என்று பார்த்தால், அரைமணி நேரத்தில் எத்தனை பேர் சைக்கிளைத் தொட்டார்கள், எத்தனை பேர் ஏறுவதுபோல் பாவனை செய்தார்கள், படம் எடுப்பவர் எந்த மொழியில் ‘சிரி’ என்றார் என்று கணக்கு. ‘சுவரைப் பாரடி’ என்றேன். ‘சுவரைத்தான் எல்லாரும் பார்க்கிறார்களே அப்பா, வரிசையை யாரும் பார்ப்பதில்லையே’ என்றாள். எரிச்சலாக இருந்தது. இரண்டு நாள் தூக்கமும் சரியில்லை.

படித்தவர்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் சொல்லுங்கள். மூன்று ஆண்டுகள் இதில் என்னதான் சொல்லிக்கொடுப்பார்கள்? பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடன் வாங்கிப் படிக்கும் குடும்பத்துக்கு இது தாங்குமா? ‘பிள்ளையின் விருப்பம்போல் விடுங்கள்’ என்று மட்டும் எழுத வேண்டாம். அதை என் மனைவி ஏற்கெனவே சொல்லிவிட்டாள்.

பேரேடு (கிள்ளான்) எழுதியது:

அண்ணே, யோசிக்க என்ன இருக்கிறது? கணக்கியலில் சேருங்கள். என் அக்கா மகன் இதுபோல் ஒரு கலைப் படிப்பைத்தான் படித்தான். பட்டமளிப்பு விழாப் படம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அவன் காப்புறுதி விற்கிறான். பண்பாட்டைச் சனி ஞாயிறுகளில் பார்த்துக்கொள்ளலாம், அது எங்கும் ஓடிப்போகாது. கடன் கணக்கு சனி ஞாயிறும் ஓடும்.

ஏழாம் நம்பர் மேசை (பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்) எழுதியது:

அண்ணே, நான் இப்படி ஒரு படிப்பைத்தான் படித்தேன். என் அப்பா லாரி ஓட்டியவர். உங்கள் கேள்வியை அவர் இன்னும் உரத்த குரலில் கேட்டார்.

முதல் ஆண்டில் இந்தத் துறை எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்குவார்கள். 1964-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஹோகார்ட் ஓர் ஆய்வு மையத்தைத் தொடங்கினார். ஜமைக்காவில் பிறந்த ஸ்டூவர்ட் ஹால் பிறகு அதை நடத்தினார். தொழிலாளி வீட்டில் ஓடும் தொலைக்காட்சி, இளைஞர்கள் போடும் உடை, பத்திரிகை ஒரு திருட்டைப் பற்றி எழுதும் விதம், இவற்றையெல்லாம் காவியத்தைப் படிக்கும் கவனத்தோடு படித்தார்கள். 2002-இல் அந்தப் பல்கலைக்கழகமே துறையை மூடிவிட்டது. அதற்குள் அந்தப் படிப்புமுறை பல நாடுகளுக்கும் போய்விட்டது. பேரேடு அண்ணன் இந்த மூடுவிழாவை நிச்சயம் மேற்கோள் காட்டுவார் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

மூன்றையும் ஏன் ஒன்றாகக் கட்டுகிறார்கள் என்பது எனக்கும் முதலில் விளங்கவில்லை. ஒரு சொல்லைப் பாருங்கள்: செப்பாக் தக்ராவ். செப்பாக் மலாய், உதை. தக்ராவ் தாய்லாந்து மொழி, அந்தப் பிரம்புப் பந்து. ஒரே ஆட்டத்துக்கு இரண்டு நாடுகளும் சொந்தம் கொண்டாடியதால் ஆளுக்குப் பாதியாகப் பெயரைப் பங்கு போட்டார்கள். 1990-இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் சேர்ந்தபோது அந்த இரட்டைப் பெயரோடுதான் சேர்ந்தது. இதை மொழிப் பாடத்தில் வைப்பதா, விளையாட்டுப் பாடத்தில் வைப்பதா? இன்னொன்று: சிங்கப்பூர் காப்பிக் கடைகளில் மைலோவை ‘தாக் கியூ’ என்று கேட்பார்கள். பந்தை உதை என்று பொருள். டின்னில் பந்தாட்டப் படம் இருந்ததுதான் காரணம்.

கடைசி ஆண்டு ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் உணவுக் கடை) நள்ளிரவுப் பந்தாட்டம். பதினொரு சனிக்கிழமை இரவுகள் ஒரே கடையில், ஏழாம் நம்பர் மேசையில். முதல் இரண்டு வாரமும் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து ஆட்டத்தைப் பற்றியே எழுதினேன். என் மேற்பார்வையாளர் தாளைத் திருப்பித் தந்து, ‘திரைக்கு முதுகு காட்டி உட்கார்’ என்றார். உட்கார்ந்தேன். அப்போதுதான் காதும் வேலை செய்தது. நடுவரைத் திட்டுவது மலாயில். ஆட்டக்காரனுக்கு யோசனை சொல்வது தமிழில். பந்தயப் பேச்சு கான்டனீஸ் எண்களில்.

தே தாரிக் என்ற பால் தேநீரை ஆற்றும் தம்பி ஒருவர் இராமநாதபுரம் பக்கத்து ஆள். அவர் நிற்கும் இடத்திலிருந்து திரை தெரியாது. எதிரே பான குளிர்ப்பெட்டியின் கண்ணாடிக் கதவில் ஆட்டத்தின் நிழல் விழும். இரண்டு ஆண்டுகளாக அதைத்தான் பார்த்திருக்கிறார். கண்ணாடியில் இடமும் வலமும் மாறிவிடும் அல்லவா? தமக்குப் பிடித்த ஆட்டக்காரர் இடக்கால்காரர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதும் ஒரு நிமிடம் ஆற்றுவதை நிறுத்திவிட்டார். ‘இடக்கால்தான் அக்கா அழகு’ என்று சொல்லிவிட்டு மறுபடி ஆற்றத் தொடங்கினார். என் ஆய்வு அந்தக் கண்ணாடிக் கதவைப் பற்றியதாக மாறிவிட்டது. யார் எங்கே உட்கார்ந்து பார்க்கிறார்கள், யாருக்கு உட்காரவே இடமில்லை என்பதைப் பற்றி.

வேலையைப் பற்றியும் சொல்கிறேன். கண்காட்சிகளுக்கு மூன்று மொழிகளில் விளக்கப் பலகை, ஒலி வழிகாட்டி எழுதும் சிறு நிறுவனத்தில் இருக்கிறேன். முதல் இரண்டு ஆண்டுச் சம்பளத்தைப் பற்றி இங்கே எழுத எனக்கு வெட்கம். இப்போது பரவாயில்லை. என்னோடு படித்தவர்களில் மொழியைக் கைவிட்டவர்கள்தான் அதிகம் அலைந்தார்கள். உங்கள் மகள் நான்காவதாக ஒரு மொழியைச் சேர்த்துக்கொள்ளட்டும். மாண்டரின் என்றால் மிக நல்லது.

பெர்ரிக்காரன் எழுதியது:

பேரேடு தம்பி, உன் அக்கா மகன் கணக்கியல் படித்திருந்தாலும் காப்புறுதி விற்றிருக்கலாம். எங்கள் சந்தில் அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள். ஆனாலும் உன் பேச்சு என் பக்கம் என்பதால் குறித்துக்கொண்டேன்.

ஏழாம் நம்பர் தங்கை, கண்ணாடிக் கதையை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். ஆனால் சொல்லைப் பிடித்து ஊரைப் படிப்பது என்றால் அதை நான் தினமும் செய்கிறேன். என் குழுவை நாசி கண்டார் கடை வாசலில் நிறுத்துவேன். கண்டார் என்றால் தோளில் போடும் சுமைத்தடி. ஒரு முனையில் சோற்றுக் கூடை, மறுமுனையில் குழம்புப் பானைகள். நம் தமிழ் முஸ்லிம்கள் அப்படித்தான் துறைமுகத்துக் கூலிகளுக்குச் சோறு சுமந்து விற்றார்கள். கொஞ்ச தூரம் நடந்தால் குயீன் தெரு மகாமாரியம்மன் கோயில். அங்கே காவடியைப் பற்றிச் சொல்வேன். காவுதல் என்றால் தோளில் சுமத்தல். காவும் தடி காவடி. அதுவும் இரு முனையிலும் சுமை கட்டிய தடிதான். ஒருவர் சோற்றைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்கு நடந்தார். ஒருவர் பாலைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஐந்நூற்றுச் சொச்சம் படி ஏறினார். தடி ஒன்று. இதைச் சொல்லும்போது வெள்ளைக்காரர்கள் வாயைத் திறந்தபடி நிற்பார்கள்.

இதற்கும் மேலே பல்கலைக்கழகம் எனக்கு என்ன சொல்லிக்கொடுத்துவிடும்? அப்படியென்றால் பட்டத்தை எனக்கே கொடுத்துவிடலாமே.

சுங்கைப் பட்டாணி வாத்தியார் எழுதியது:

தம்பி, தடிக் கதை அருமை. நான் முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழ்ப்பள்ளி வாத்தியார், இப்போது ஓய்வு. விளையாட்டைப் பற்றி யாரும் சரியாகப் பேசவில்லை என்பதால் நுழைகிறேன்.

1966 எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, பன்னிரண்டு வயது. ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் இருந்த தனிநாயகம் அடிகள் நடத்தியது. டிசம்பரில் பாங்காக்கில் ஆசிய விளையாட்டு. எம். ஜெகதீசன் 100 மீட்டர், 200 மீட்டர், தொடர் ஓட்டம் என்று மூன்று தங்கம். எம். ராஜமணி பெண்கள் 400 மீட்டரில் தங்கம். எங்கள் ரப்பர் தோட்டத்தில் கிராணி (எழுத்தர்) வீட்டில்தான் வானொலி. வாசலில் பால்வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து செய்தி கேட்டோம். ராஜமணி பெயரைச் சொன்னபோது ஓர் அத்தை, ‘நம்ம பிள்ளையா? காற்சட்டை போட்டுக்கொண்டா ஓடினாள்?’ என்று கேட்டார். பெருமையும் அதிர்ச்சியும் ஒரே மூச்சில். இன்று என் அலமாரியில் மாநாட்டைப் பற்றி ஒரு கட்டுத் தாள் இருக்கிறது. அந்த ஓட்டத்தைப் பற்றி ஒரு துண்டுத்தாள்கூட இல்லை. அந்த அத்தையின் கேள்வியை எழுதி வைத்தவர்களும் இல்லை. மாநாட்டைச் சேர்த்து வைத்தவன் நான்தான், எனவே குற்றம் என்னுடையதும்.

விளையாட்டை ஆராய்வது என்றால் ஓடுவது அல்ல. 1958-இல் கிளிஃபர்ட் கீர்ட்ஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர் மனைவியோடு பாலித் தீவுக்குப் போனார். கிராமத்தில் அவர்களை ஒருவரும் சட்டை செய்யவில்லை, காற்றைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். ஒருநாள் தடை செய்யப்பட்ட சேவல் சண்டையில் இவர்களும் நின்றபோது போலீஸ் வந்தது. ஊரோடு சேர்ந்து இவர்களும் ஓடினார்கள். மறுநாள் ஊரே அவர்களைக் கேலி செய்து சேர்த்துக்கொண்டது. அந்த மனிதர் அதன்பிறகு சேவல் சண்டையை வைத்து ஊரின் மானம், உறவு, பகை எல்லாவற்றையும் எழுதினார். நம் பக்கத்திலும் எழுத வேண்டியது நிறைய உண்டு. நான் பிறந்த தோட்டம் இப்போது வீடமைப்புத் திட்டம். பால்மரமும் இல்லை, திடலும் இல்லை. ஆனால் தோட்டத்தின் பெயரில் ஒரு பந்தாட்டக் குழு இன்னும் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை எங்காவது திடல் வாடகைக்கு எடுத்து ஆடுகிறார்கள். கோல்கீப்பரின் தாத்தாவும் நானும் ஒரே லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வளர்ந்தவர்கள். பையன் தோட்டத்தைக் கண்ணால் கண்டதில்லை, சட்டையில் மட்டும் அதன் பெயர்.

கையேட்டில் மூன்றை மட்டும் பாருங்கள் தம்பி. களப்பணிக்கு எத்தனை வாரம்? புள்ளிவிவரம் ஒரு பாடமாகவாவது இருக்கிறதா? கூடுதல் மொழி கட்டாயமா, விருப்பமா? முதலாவது இல்லையென்றால் சேர்க்காதீர்கள், வகுப்பறையில் உட்கார்ந்து பண்பாடு பேசி மூன்று ஆண்டு போய்விடும்.

கடைசியாக ஒன்று, கோபித்துக்கொள்ள வேண்டாம். தடிக் கதை உங்களுக்குத் தெரியும். ஆனால் நீங்கள் எந்தக் கதையை யாருக்குச் சொல்கிறீர்கள், யாரிடம் சொல்வதில்லை? அதை என்றாவது எழுதிப் பார்த்ததுண்டா?

பெர்ரிக்காரன் எழுதியது:

வாத்தியார் ஐயாவுக்குப் பதில் எழுத நான்கு நாள் ஆனது. கோபம் இல்லை. ஒரு விஷயத்தைச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். உண்மைப் பெயரில் எழுதவில்லை என்பதால் சொல்கிறேன்.

லிட்டில் இந்தியாவில் எனக்குப் பழக்கமான ஒரு மளிகைக் கடை இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கடைக்காரரின் அம்மா பின்கட்டில் அம்மியில் மசாலா அரைப்பார். கிழவிக்கு இயந்திரத்தில் அரைத்தது பிடிக்காது, வீட்டுக் குழம்புக்கு மட்டும் அரைப்பார். ஒருநாள் மழைக்கு ஒதுங்கிய என் குழு அதைப் பார்த்துவிட்டது. வாசனை, வளையல் சத்தம், குழவி போகும் வேகம். எவரும் நகரவில்லை. அன்று கிடைத்த அன்பளிப்பு வழக்கத்தைவிட மூன்று மடங்கு. மறுவாரமும் கூட்டிப் போனேன். பிறகு அது என் நடையில் ஒரு நிறுத்தமாகிவிட்டது.

கிழவி காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அம்மி இப்போது முன்கட்டில், மிளகாய் மூட்டைகளுக்குப் பக்கத்தில். நான் தெருமுனைக்கு வரும் பத்து நிமிடத்துக்கு முன் கடைக்குத் தொலைபேசியில் சொல்வேன். மருமகள் சேலைக்கு மேல் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்வார். ஊறவைத்த மிளகாய் நான்கு, கொஞ்சம் மஞ்சள். குழு போனதும் அம்மியைக் கழுவிவிடுவார், அரைத்ததைச் சமையலுக்கு எடுப்பதில்லை. கடையில் விற்பது இயந்திரத்தில் அரைத்த பொட்டலம். குழுவும் அதைத்தான் வாங்கிப் போகிறது. நல்ல பொட்டலம்தான், அதில் குறையில்லை.

ஒரு பிரெஞ்சுப் பெண்மணி போன ஆண்டு, ‘இன்று இவர்கள் வீட்டில் என்ன குழம்பு?’ என்று கேட்டார். நான் மொழிபெயர்த்துக் கேட்பதுபோல் திரும்பினேன். மருமகள் என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. ‘மீன்’ என்று நானே சொல்லிவிட்டேன்.

இதைத்தான் மகளிடம் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கையேட்டைப் புரட்டி ஒரு பக்கத்தைக் காட்டினாள். சுற்றுலாப் பாடத்தின் முதல் வாரம். டீன் மெக்கனல் என்ற அமெரிக்கர் 1973-இலேயே இதற்குப் பெயர் வைத்துவிட்டாராம், மேடையேற்றிய அசல் என்று. வருகிறவனுக்குப் பின்கட்டைப் பார்க்க ஆசை, அதனால் ஊர்க்காரன் முன்கட்டிலேயே ஒரு பின்கட்டைக் கட்டி வைக்கிறான். அப்போது நான் கைக்குழந்தை. எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது, கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது. நான் கண்டுபிடித்த தந்திரம் என்றல்லவா இருந்தேன்.

பிறகு அவள் கேட்டாள்: ‘அந்த அத்தைக்கு இதற்கு என்ன கொடுக்கிறீர்கள் அப்பா?’ நான் கடைக்காரருக்குத்தான் கழிவு வாங்கியும் கொடுத்தும் பழக்கம். அம்மியில் உட்கார்கிறவருக்குத் தனியாக ஒரு வெள்ளிகூடக் கொடுத்ததில்லை. இருபத்திரண்டு ஆண்டு அனுபவத்தில் இந்தக் கேள்வி எனக்கு வந்ததே இல்லை.

வாத்தியார் கேட்டவற்றைப் பார்த்தேன். களப்பணி இரண்டாம் ஆண்டில் எட்டு வாரம், மூன்றாம் ஆண்டில் ஆய்வு. புள்ளிவிவரம் ஒரு பாடம் இருக்கிறது. கூடுதல் மொழி விருப்பப் பாடம்தான், மாண்டரின் எடுப்பதாகச் சொல்கிறாள். களப்பணியைப் பினாங்கிலேயே செய்யப் போகிறாளாம். யாரை வைத்து என்று கேட்டேன், சிரிக்கிறாள்.

கணக்கியல் இடத்தை வேண்டாம் என்று இன்னும் எழுதவில்லை. பதிலளிக்க வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது.

ஏழாம் நம்பர் மேசை எழுதியது:

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அறை தேட வேண்டியிருந்தால் இங்கேயே எழுதுங்கள் அண்ணே. என் வீட்டுக்காரம்மா மாடியறையைப் பெண்பிள்ளைகளுக்குத்தான் விடுகிறார். கீழே மாமாக் கடை, தூக்கம் மட்டும் கொஞ்சம் கஷ்டம்.

பேரேடு எழுதியது:

கணக்கியல்தான் என்ற என் கருத்தில் மாற்றமில்லை. அது இருக்கட்டும், அடுத்த மாதப் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு பினாங்கு வருகிறோம். அந்த அம்மிக் கடை எந்தத் தெரு? பிள்ளைகள் அம்மியைப் பார்த்ததே இல்லை.

பெர்ரிக்காரன் எழுதியது:

வரும்போது சொல் தம்பி. பத்து நிமிடம் முன்னதாகச் சொன்னால் போதும்.